அப்பாவின் அட்டை, மகளின் படிப்பு

தமிழ்நாட்டு உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியங்களின் கல்வி உதவித்தொகைப் பட்டியலை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். ஆசிரியையாக இருந்தவள் என்பதால் அக்கம்பக்கத்தில் யாருக்கு விண்ணப்பம் எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். நெடுங்காலம் மாறாமலிருந்த அந்தப் பட்டியலில், பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளைக்கு 1000 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்புத் தேறினால் 1500 ரூபாய் என்று இருக்கும். இது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. இவற்றோடு மூன்று வரிகள் தனியாக உண்டு. பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் பிள்ளைக்கு 1000, பதினொன்று படிக்கும் பெண் பிள்ளைக்கு 1000, பன்னிரண்டு படிக்கும் பெண் பிள்ளைக்கு 1500. இவர்கள் தேறியிருக்க வேண்டியதில்லை. படித்துக்கொண்டிருந்தாலே போதும்.

இந்த மூன்று வரிகளை எழுதிய அதிகாரி யாரென்று தெரியாது. வீடுகளுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்த ஆள். பையன் பரீட்சையில் தோற்றால் படிப்பு நிற்கும். பெண்ணின் படிப்போ பரீட்சைக்கு முன்பே நிற்கும். வயதுக்கு வந்தது, தம்பி பிறந்தது, அம்மா மீன் கூடையோடு விடியலில் கிளம்புவது, மாமன் வீட்டில் பேச்சு எழுந்தது என்று அதற்கு ஆயிரம் காரணங்கள். தேறினால் பரிசு என்பது பையனின் கதைக்குப் பொருந்தும். பெண்ணுக்கு வேண்டியது வகுப்பில் உட்கார்ந்திருப்பதற்கான கூலி.

2007இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இதே வார்ப்பில் வந்தது. பிள்ளைகளின் கல்வி, திருமணம், மகப்பேறு, மூக்குக் கண்ணாடி, விபத்து, ஈமச்சடங்கு என்று கட்டடத் தொழிலாளிக்கும் கைவண்டி இழுப்பவருக்கும் எதற்கெல்லாம் உதவி உண்டோ, அதே வகையில் கூத்துக்காரருக்கும் பறையடிப்பவருக்கும் கரகம் எடுப்பவருக்கும். 'கூத்தாடி' என்பது வசைச் சொல்லாக இருக்கும் நாட்டில், கூத்தாடுவதும் ஒரு உழைப்பு, கூத்தாடியின் பிள்ளைக்கும் படிப்புச் செலவு உண்டு என்று அரசு ஒப்புக்கொண்டது சாதாரண விஷயமில்லை. அந்த மரியாதையை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. எனக்குக் கேள்வி எழுவது உதவித்தொகைக்கு முந்தைய படியில். பிள்ளைக்குப் பணம் வர வேண்டுமானால் பெற்றவருக்கு உறுப்பினர் அட்டை வேண்டும். அட்டை வேண்டுமானால் அவர் கலைஞர் என்று நாலு பேர் சொல்ல வேண்டும். யாரை அப்படிச் சொல்கிறார்கள்?

எளாவூரிலிருந்து இதை யோசிப்பதற்கு ஒரு வசதி இருக்கிறது. நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு எளாவூர் ஒரு சோதனைச்சாவடி. சென்னை–கூடூர் ரயில் பாதையில் ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால், கும்மிடிப்பூண்டி வட்டத்தில் இருக்கிறது. கிழக்கே பழவேற்காடு ஏரி. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில். தெற்கு ஓரம்தான் நமக்கு. தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் புழங்கும். ஏரியை நம்பிய மீனவர் குப்பங்கள், உள்ளே விவசாய ஊர்கள், சேரிகள், ஓரங்களில் இருளர் குடியிருப்புகள். இவர்கள் எல்லோரும் சேர்ந்து விழித்திருக்கும் இரவு என்றால் அது கூத்து நடக்கும் இரவுதான்.

திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. பத்து நாளோ பதினெட்டு நாளோ நடந்து, படுகளமும் தீமிதியுமாக முடியும். மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் கூத்து ஜமாக்களுக்கு ஓய்வு கிடையாது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கி விடியும் வரை ஆட்டம். அந்த மாதங்களில்தான் பள்ளிக்கூடத்தில் ஆண்டுத் தேர்வும் பொதுத் தேர்வும் வருகின்றன. அப்பா வீட்டில் இல்லாத, இருந்தாலும் பகலெல்லாம் தூங்குகிற நாட்கள். பிறகு ஐப்பசி, கார்த்திகையில் மழை. திறந்தவெளியில் ஆட்டம் கிடையாது, முன்பணம் கொடுக்க ஆளும் வராது. அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் நோட்டு, பேருந்து, செருப்பு, மாதந்தோறும் வாங்க வேண்டிய நாப்கின் எல்லாம் கட்டணப் பட்டியலில் வராத செலவுகள். ஒரு பெண்ணின் படிப்பு இந்தச் சில்லறையில்தான் தடுக்கி விழுகிறது. இந்த மாதங்களில் வந்து சேரும் 1000 ரூபாயின் மதிப்பு 1000 ரூபாயைவிட அதிகம்.

பழவேற்காட்டு மீனவர்களிடம் 'பாடு' என்றொரு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை விடலாம் என்பதை முறைவைத்துப் பங்கிட்டுக் கொள்வது. சண்டையில்லாமல் எல்லோருக்கும் மீன் கிடைக்கச் செய்யும் ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் இதைப் பாராட்டி நிறைய எழுதியிருக்கிறார்கள். பாராட்டத் தகுந்ததுதான். ஆனால் பாட்டில் இடம்பெற ஒருவர் அந்தச் சாதியில் பிறந்து, தலைக்கட்டாக இருக்க வேண்டும். தலைக்கட்டு என்றால் ஆண். அவருக்குப் பின் அந்த உரிமை மகனுக்குப் போகும். பிடித்த மீனைத் தரம் பிரித்து, சுமந்து, விற்று, கடனை அடைக்கும் பெண்ணுக்குப் பாட்டில் பெயரில்லை. ஆழமில்லாத நீரில் உட்கார்ந்து கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்ணுக்கு அந்தப் பட்டியலின் பக்கமே வேலையில்லை. ஏரியில் உழைப்பது ஒரு விஷயம், ஏரியில் உழைப்பவராகக் கணக்கில் வருவது வேறு விஷயம். கலைஞர் அட்டை என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாடுதான் நினைவுக்கு வரும்.

ஆட்டக்காரரின் பிள்ளைக்கு அரசாங்கம் படிப்புச் செலவு கொடுப்பது 2007இல் முளைத்த யோசனை இல்லை. நான் அறிந்த மிகப் பழைய, மிகப் பிரபலமான சம்பவம் புதுக்கோட்டையில் நடந்தது. இருபதாம் நூற்றாண்டு தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அங்கே மகாராஜா கல்லூரியில் ஒரு பெண் சேர விண்ணப்பித்தாள். அப்பா நாராயணசாமி ஐயர், கல்வித் துறையில் இருந்தவர். அம்மா சந்திரம்மாள், இசை வேளாளர் மரபில் வந்தவர். பையன்கள் படிக்கும் கல்லூரியில் பெண்ணா, அதிலும் இப்படிப்பட்ட தாய்க்குப் பிறந்தவளா என்று எதிர்ப்பு. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பை ஒதுக்கிவிட்டு அவளைச் சேர்த்துக்கொண்டார், உதவித்தொகையும் கொடுத்தார். 1886இல் பிறந்த அந்தப் பெண் 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று டாக்டர் முத்துலட்சுமி ஆனார். இந்தக் கதையை நாம் எப்போதும் 'முதல் பெண்' கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, எதிர்த்தவர்கள் தாயின் தொழிலைப் பார்த்தார்கள், உதவித்தொகை கொடுத்தவர் மகளைப் பார்த்தார் என்பதுதான்.

முத்துலட்சுமி ரெட்டி பிறகு செய்தவை எல்லோருக்கும் தெரியும். சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவையில் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகி, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடுவதைத் தடைசெய்யப் போராடினார். அந்தச் சட்டம் 1947இல்தான் முழுமையாக வந்தது. 1930இல் அவர் தொடங்கிய அவ்வை இல்லம், அந்தச் சூழலிலிருந்து வெளியேறி வந்த பெண்களுக்குத் தங்குமிடமும் படிப்பும் கொடுத்தது. ஆட்டக்காரியின் மகளுக்குக் கல்வி என்பது இங்கே ஆட்டத்திலிருந்து வெளியே போகும் கதவு. அதற்கு நியாயமும் இருந்தது. கலையோடு சேர்த்து உடலையும் ஒப்படைக்க வேண்டியிருந்த ஏற்பாட்டிலிருந்து ஒரு சிறுமியைக் காப்பாற்றும்போது, சலங்கை என்னவாகும் என்று யோசித்துக்கொண்டிருக்க முடியாது.

ஆனால் அதே காலத்தில் இன்னொரு குரலும் இருந்தது. நமது வரலாறுகளில் அது அடிக்குறிப்பாகவே வருகிறது. 1920களின் இறுதியில் சென்னை மாகாணத் தேவதாசிகள் சங்கமாகக் கூடி, சட்டத்தை எதிர்த்து அரசுக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றவர்கள் அதில் முன்னே நின்றார்கள். அவர்கள் பழைய வாழ்க்கையை அப்படியே வைத்துக்கொள்ள நினைத்தார்கள் என்று சொல்லி அந்த விண்ணப்பத்தை ஒதுக்கிவிடுவது எளிது. அதில் ஒரு கோரிக்கை இருக்கிறது. எங்களுக்குக் கல்வி கொடுங்கள், எழுத்தும் சமயமும் கலையும் சேர்ந்த கல்வி கொடுங்கள் என்பது அதன் சாரம். தங்கள் பெண்களுக்குப் படிப்பும் வேண்டும், ஆட்டமும் வேண்டும் என்று ஆட்டக்காரிகளே கேட்டார்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்ட அந்த விண்ணப்பத்துக்குச் சேர்த்துப் பதில் வரவில்லை. பெண்கள் பள்ளிக்கூடம் பக்கம் போனார்கள். ஆட்டம் 'பரதநாட்டியம்' என்ற பெயரில் வேறு வீட்டுப் பெண்களிடம் போனது. 1936இல் கலாக்ஷேத்ரா தொடங்கியபோது அங்கே கற்க வந்தவர்கள் யார், கற்றுக்கொடுத்த நட்டுவனார்கள் யார் என்று பார்த்தால் விஷயம் விளங்கும்.

தேவதாசியரும் கூத்துக்காரரும் ஒன்றா என்று கேட்கலாம். இல்லை. கோயில் மானியமும் அரண்மனை ஆதரவும் கண்ட மரபு அது. தலையில் பெட்டி சுமந்து ஊர் ஊராகப் போகும் மரபு இது. சாதியும் வேறு. ஆனால் அரசு இவர்களின் பிள்ளைகளைப் பார்க்கும்போது எழுகிற கேள்வி ஒன்றே. பிள்ளை இந்தக் கலையைத் தொடர வேண்டும் என்று பணம் கொடுக்கிறோமா, இதை விட்டுப் போகட்டும் என்று கொடுக்கிறோமா?

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாடு ஒருமுறை உரக்கப் பதில் சொல்லியிருக்கிறது. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தில், கிராமப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாளில் மூன்று மணி நேரம்தான் பாடம். மீதி நேரத்தில் பையன்கள் அப்பாவின் தொழிலைக் கற்க வேண்டும். பெரியாரும் திராவிடக் கட்சிகளும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். ராஜாஜி பதவி விலகினார். 1954இல் காமராசர் அரசு திட்டத்தைக் கைவிட்டது. சவரத் தொழிலாளியின் மகன் சவரம் செய்யவும் வண்ணாரின் மகன் வெளுக்கவும்தான் பள்ளி நேரம் பாதியாகிறது என்ற வாதம் இந்த மண்ணில் அழுத்தமாகப் பதிந்தது. பறையடிப்பவரின் மகனும் அந்த வரிசையில் வருகிறவன். சாவு வீட்டில் பறையடிப்பதைக் கடமையாகச் சுமந்த சேரிகளில், பறையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பையைத் தூக்கு என்று சொன்ன தாத்தாக்கள் உண்டு. அவர்களிடம் போய் பாரம்பரியம் அழிகிறதே என்று பேச எனக்கு வாய் வராது.

அந்தச் சண்டையில் அதிகம் பேசப்படாமல் போன ஒரு பாதி இருக்கிறது. அந்தத் திட்டத்தில் பையனுக்கு அப்பாவின் தொழில் என்றால், பெண் பிள்ளைக்கு அம்மாவோடு வீட்டு வேலை. மேடைகளில் முழங்கியவர்கள் பெரும்பாலும் மகன்களைப் பற்றித்தான் முழங்கினார்கள். பெண் வீட்டு வேலை கற்பது குலத்தொழில் என்றே யாருக்கும் தோன்றவில்லை போலும். திட்டம் ஒரே ஆண்டில் செத்துவிட்டது. பெண் பிள்ளைக்கு அந்தப் பாதி நாள் பாடம் மட்டும் எந்த அரசாணையும் இல்லாமல் இன்றுவரை நடக்கிறது.

1982இல் மத்திய அரசு எதிர்த் திசையில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. தில்லியிலுள்ள கலாச்சார வளங்கள் மற்றும் பயிற்சி மையம் நடத்தும் கலைத் திறன் தேடல் உதவித்தொகை அது. 10 முதல் 14 வயதுக்குள் உள்ள பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, பட்டப்படிப்பு முடியும் வரை, அல்லது 20 வயது வரை உதவி. நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 650 இடங்கள். அதில் 125 இடங்கள் மரபுக் கலைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு. ஆண்டுக்கு 3600 ரூபாயும், குருவுக்குக் கொடுக்கும் கட்டணத்தில் 9000 ரூபாய் வரையும் என்பது நான் அறிந்த அளவு. கலையில் முன்னேறுகிறாளா என்று அவ்வப்போது பார்த்துத்தான் புதுப்பிப்பார்கள். இது கலையைக் கற்பதற்கான பணம். மாநில வாரியம் கொடுப்பது பள்ளிக்கூடத்துக்கான பணம். கலையைக் கற்கிறாயா, விட்டாயா என்று அது கேட்பதில்லை.

ஒன்று கலையைத் தொடரச் சொல்கிறது, இன்னொன்று தொடர்வதைப் பற்றிக் கவலைப்படவில்லை. இரண்டில் எனக்குப் பிடித்தது இரண்டாவது. பிள்ளைக்கு நிபந்தனை போடாத பணம் அது. இரண்டிலும் எனக்கு உறுத்துவது, கலைக் குடும்பம் என்று சொல்லும்போது மனதில் வரும் உருவம். வட மாவட்டக் கூத்தில் அந்தக் குடும்பம் என்றால் அப்பா, சித்தப்பா, அண்ணன். துரௌபதை வேடமும் சுபத்திரை வேடமும் காலங்காலமாக ஆண்கள் கட்டியவை. பெண் வேடக்காரர் என்ற சொல்லுக்கே இங்கே ஆண் என்றுதான் பொருள். அவர் புடவை கட்டி விடிய விடிய துயில் உரியப்பட்டு அழும்போது, வீட்டில் அவர் மனைவி நாளைய அரிசிக்குக் கடன் சொல்லிக்கொண்டிருப்பார். வேடம் கட்டியவருக்கு அட்டை கிடைக்கிறது. அட்டை வழியாக மகளுக்கு 1000 ரூபாய் கிடைக்கிறது. அவர் குடித்துவிட்டு அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டால், வேறு வீட்டுக்குப் போய்விட்டால், செத்துவிட்டால், மகளின் உதவித்தொகையும் கூடவே தொங்கலில் நிற்கும்.

பெண்களே ஆடும் கலைகளும் உண்டு. கரகாட்டத்தில் பெண்கள் இருக்கிறார்கள், தென் மாவட்டங்களின் ஸ்பெஷல் நாடகத்தில் நடிகைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தங்கள் பெயரிலேயே அட்டை உண்டு. அங்கே சங்கடம் வேறு மாதிரி. நடிகையின் மகள் என்று தெரிந்தால் பள்ளியில் என்ன நடக்கும் என்பது அந்தத் தாய்களுக்குத் தெரியும். ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களைப் பற்றி சூசன் சைசர் எழுதிய ஆய்வு நூல், நடிகைகள் ஊருக்குள் நடந்துபோகவும் வேனில் ஏறவும்கூட எத்தனை எச்சரிக்கையோடு இருக்கிறார்கள் என்று விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. அப்படித் தன்னை மறைத்துக்கொண்டு மகளை வளர்க்கும் ஒருத்தியிடம், தலைமையாசிரியரின் கையொப்பம் வாங்கி வா என்று படிவம் சொல்கிறது. படிவத்தின் தலைப்பிலேயே அவள் தொழில் அச்சாகி இருக்கிறது. கிடைக்கப்போகிற தொகையையும், வகுப்பில் மகள் கேட்கப்போகிற பேச்சையும் அவள் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. விண்ணப்பமே போடாமல் விட்டவர்களை அறியாமையில் இருப்பவர்கள் என்று சொல்லிவிடக் கூடாது.

இதற்கெல்லாம் அப்பால், மேடையே ஏறாத கலை ஒன்று இருக்கிறது. தாலாட்டு, நடவுப் பாட்டு, கும்மி, ஒப்பாரி. எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் முதலில் வருவது பந்தல்காரர் இல்லை, பாடத் தெரிந்த கிழவி. இறந்தவரின் பிறப்பு, கல்யாணம், அண்ணன் தம்பிகளோடு பங்குச் சண்டை, குடித்த சாராயம், போன கடல் எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே கட்டிப் பாடுவார். மற்றப் பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு எடுத்துக் கொடுப்பார்கள். மாரடிக்கும் தாளம் தப்பாது. எந்தப் பல்கலைக்கழக நாட்டுப்புறவியல் துறையும் இதைக் கலை என்றே சொல்லும். ஒலிப்பதிவு செய்து கொண்டுபோய் முனைவர் பட்டமும் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் இந்தப் பெண்ணுக்கு ஜமா கிடையாது, குழுப் பெயர் கிடையாது, நிகழ்ச்சி நோட்டீஸ் கிடையாது, வாங்கிய பணத்துக்குச் சீட்டும் கிடையாது. கூலிக்கு ஒப்பாரி பாடப் போகிற குழுக்களில் இருப்பவர்களாவது ஏதோ ஒரு சான்றைக் காட்டிவிடுவார்கள். உறவுக்காகவும் ஊருக்காகவும் பாடுகிறவள் எதைக் காட்டுவாள்? செத்தவரையா சாட்சிக்கு அழைப்பாள்?

எளாவூரில் அப்படிப் பாடுகிற ஒரு ஆயாவிடம் நான் இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். நீங்களும் கலைஞர்தான், வாரியத்தில் பதிந்துகொள்ளலாமா என்று பார்ப்போம் என்றேன். அவர் சிரித்தார். "அது பாட்டா டீச்சர்? அழுவுறது தானே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்குப் போய் காசு வாங்கினா நல்லா இருக்குமா?" என்றும் கேட்டார். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. கூத்துக்காரர் சாமிக்கு நேர்ந்துதான் ஆடுகிறார், காசும் வாங்குகிறார். யாரும் தப்பாகச் சொல்வதில்லை. பெண் பாடுவது மட்டும் ஏன் அழுகைக் கணக்கில் போகிறது என்று பிறகு யோசித்தேன். சோறாக்குவது வேலையாகாததைப் போலத்தான் இதுவும். ஆனால் அவரிடம் அதை வாதமாக வைக்கத் தோன்றவில்லை.

படிப்பையும் ஆட்டத்தையும் சேர்த்துக் கொடுக்க முடியுமா என்று அரசுக்கு வெளியே முயன்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சை அரசந்தாங்கலில் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம் அதில் முக்கியமானது. அதை நடத்திய பெ. ராஜகோபால் கூத்துக் குடும்பத்தில் பிறந்து, பத்து வயதிலேயே பள்ளியை விட்டு ஆட வந்தவர். ஹன்னே டி புரூயினோடு சேர்ந்து, 1990இல் கட்டைக்கூத்துச் சங்கத்தையும் பிறகு குருகுலத்தையும் கட்டினார். தான் தவறவிட்ட பள்ளியைத் தன் மாணவர்கள் தவறவிடக் கூடாது என்பதால், அங்கே கூத்தும் பாடப் புத்தகமும் ஒரே கூரைக்குள். அதைவிடப் பெரிய காரியம், பெண் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டது. ஆண் குரலுக்கும் ஆண் உடலுக்கும் என்று வைத்திருந்த கட்டை வேடங்களைப் பெண்கள் கட்டினார்கள். துரியோதனனாகவும் துச்சாதனனாகவும் பெண்கள் சுழன்று ஆடியதை இரவு முழுக்க உட்கார்ந்து கிராமங்கள் பார்த்தன. 2020இல் குருகுலம் மூடப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள் என்பது பாரதத்துக்குப் பொருத்தமான கணக்குதான், ஆனால் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போதாது.

திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா 1990இல் தொடங்கிய சக்தி கலைக்குழு இன்னொரு வழி. பள்ளியை விட்டு நின்ற தலித் பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. தாத்தா அவமானத்தோடு கீழே வைத்த பறை அது. பேத்தி அதை எடுத்தது கடமைக்காக இல்லை. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு மேடையில் அடித்தார்கள். நின்றுபோன படிப்பைத் தொடரவும் தொழில் கற்கவும் அங்கே வழி இருந்தது. 1953இன் கேள்விக்கு இது ஒரு நல்ல பதில் என்பேன். வேண்டாம் என்று சொல்லும் உரிமை கைக்கு வந்த பிறகுதான் வேண்டும் என்று எடுத்தவர்கள் இவர்கள்.

தமிழ்நாட்டு அரசு பெண்களின் உயர்கல்விக்குக் கொடுக்கும் பெரிய உதவி இன்று ஒரு தாசி குலத்துப் பெண்ணின் பெயரில்தான் நடக்கிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1883இல் பிறந்தவர். பொட்டுக்கட்டும் வழக்கத்தை உள்ளிருந்து பார்த்து, வெளியே வந்து, அதை எதிர்த்துக் கடைசிவரை போராடியவர். 1936இல் 'தாசிகள் மோசவலை' நாவலை எழுதியவர். 1938 இந்தி எதிர்ப்பில் சிறை சென்றவர். அவர் நினைவில் 1989இல் வந்த திட்டம் திருமண உதவித் திட்டம். எட்டாம் வகுப்புவரை படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு 5000 ரூபாய். பிறகு தகுதி பத்தாம் வகுப்பாக உயர்ந்தது, தொகையும் உயர்ந்தது, 2011இல் தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்ந்தது, பட்டதாரிக்கு 50,000 ரூபாய் ஆனது, 2016இல் தங்கம் 8 கிராம் ஆனது. தாலி கட்டாமலே பொட்டுக்கட்டி விடப்படும் பெண்களுக்காக வாழ்ந்தவரின் பெயரில் தாலித் தங்கம். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. கல்யாணப் பணம் வேண்டுமே என்று மகளைப் பத்தாம் வகுப்புவரை விட்டுவைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பணம் கல்யாணத்துக்கு வந்தது, படிப்பு அதற்கான அனுமதிச் சீட்டு.

2022 செப்டம்பர் 5 அன்று அது மாறியது. அதே அம்மையாரின் பெயரில் உயர்கல்வி உறுதித் திட்டம், புதுமைப் பெண் என்று. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து, பட்டமோ பட்டயமோ தொழிற்பயிற்சியோ சேரும் பெண்ணுக்கு, அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் மாதம் 1000 ரூபாய். வாரியப் பட்டியலில் ஒரு வருடத்துக்கு இருந்த அதே 1000, இங்கே மாதத்துக்கு. அப்பா யார், என்ன வேடம் கட்டுகிறார், அட்டையைப் புதுப்பித்தாரா என்ற கேள்வி இல்லை. கரகாட்டக்காரியின் மகள் தன் அம்மாவின் தொழிலை எங்கும் எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை.

அப்படியானால் கலைஞர் பிள்ளைகளுக்குத் தனி உதவித்தொகை எதற்கு என்று ஒருவர் என்னிடம் கேட்டார். எல்லாப் பெண்ணுக்கும் கிடைக்கிறதே என்றார். பத்தாம் வகுப்பைத் தாண்டாத பெண்ணுக்குப் புதுமைப் பெண் வராது. கல்லூரி வாசல்வரை வந்தவளுக்குத்தான் அது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை உள்ள நாலு வருடத்தில்தான் எங்கள் பக்கப் பெண்கள் காணாமல் போகிறார்கள். அங்கே நிற்பது வாரியத்தின் அந்த மூன்று வரிகள். அவற்றை எடுத்துவிடக் கூடாது, தொகையை இன்றைய விலைவாசிக்கு உயர்த்த வேண்டும். அட்டை அப்பாவின் பெயரில் இருந்தாலும், அம்மா கையெழுத்துப் போட்டு மகள் கணக்கில் பணம் வாங்க முடிய வேண்டும். அப்பா போன பிறகும் அது நிற்கக் கூடாது. பாடும் பெண்களைப் பதிவதற்குக் குழுத் தலைவரின் கடிதத்தைக் கேட்காமல், அவர்களோடு சேர்ந்து பாடிய நாலு பெண்களின் வாய்மொழியை ஏற்கலாம். சங்கமும் நோட்டீஸும் இல்லாத கலைக்கு வேறு சாட்சி கிடையாது.

அந்த ஆயா இன்னும் பதிந்துகொள்ளவில்லை. போன தை மாதம் குப்பத்தில் ஒரு சாவுக்குப் போய்ப் பாடிவிட்டு வந்து இரண்டு நாள் தொண்டை கட்டிக் கிடந்தார். பேத்தி பொன்னேரியில் வணிகவியல் இரண்டாம் வருடம் படிக்கிறாள். புதுமைப் பெண் பணத்தில் ரயில் சீசன் டிக்கெட் எடுத்துக்கொள்கிறாள், மீதியில் ஆயாவுக்கு மாத்திரை வாங்கி வருகிறாள். ஒப்பாரி அவளுக்குத் தெரியாது. ஒருமுறை கேட்டதற்கு, தேர்வு முடியட்டும் மிஸ், அப்புறம் பார்க்கலாம் என்றாள்.